உறங்கவைக்கும் கை

கூதிர்ப் பருவம் அவ்வாண்டு ஓசையின்றி வந்து இறங்கியது. மழை ஓய்ந்துவிட்டது என்றும் சொல்ல இயலாது. இனிப் பெய்யும் என்றும் சொல்ல இயலாது. வானம் ஏதோ ஒன்றைச் சொல்ல வாயெடுத்துப் பின் அடக்கிக்கொண்டதுபோல் கூரைகளின்மேல் தாழ்ந்து நின்றது. சுவர்கள் ஈரம் உறிஞ்சிக் கறுத்தன. கொடியில் போட்ட துணிகள் உலராமல், உடுத்தியவர் கழன்றுபோன உடம்புகளாய்த் தொங்கின. நண்பகலிலும் அலுவலகங்களில் விளக்கு எரிந்தது. பறவைகள் கூவாமல் இல்லை. கூவிய குரல் தொலைவு செல்லாமல் அருகிலேயே நனைந்து விழுந்தது. வாடை ஒன்றுதான் தெருத்தெருவாகக் கதவு தட்டிக்கொண்டு போயிற்று. தனித்திருப்பார்க்கு இப்பருவம் கொடியது என்பது பழையோர் துணிபு. தனித்திராதார்க்கும் அது அவ்வளவு நல்லதன்று.

அந்தப் பருவத்தில்தான் ஊசிக்காரி தன் மகளுக்கு ஒரு காப்பகம் தேடினாள்.

ஊசிக்காரி என்பது கணவன் வைத்த பெயர். மருத்துவமனை ஒன்றின் பரிசோதனைக்கூடத்தில் நோயாளிகளிடம் இரத்தம் எடுப்பது அவள் வேலை. கையைத் தொட்டதும் நரம்பு எங்கே ஓடுகிறது என்று அவள் விரல் சொல்லிவிடும். கணவன் மின்தூக்கி பழுதுபார்ப்பவன். பேச்சும் அப்படியே, நின்ற இடத்தில் நில்லாமல் ஏறி இறங்கும். மகளுக்கு ஒன்றரை வயது. நடை இன்னும் கூடிவரவில்லை; இருபுறமும் சாய்ந்து சாய்ந்து வருவதால் வீட்டில் அவள் வாத்து.

நீட்டி நீட்டி எடுத்த விடுப்பு முடிந்துவிட்டது. இனி ஒரு நாளும் தர இயலாது என்று கூடத்தின் தலைமை சொல்லிவிட்டது.

"திங்கக்கிழமை நான் போகலேன்னா என் நாற்காலியில வேற ஒருத்தி உட்கார்ந்துடுவா" என்றாள்.

"நாற்காலிதானே? நான் வாங்கித் தரேன்."

"உங்க வாய்க்கு ஒரு பூட்டு வாங்குங்க, அது போதும்."

முதலில் பார்த்த காப்பகத்தில் கதவு திறந்ததுமே அழுகை வெள்ளமாய் வந்து காலை நனைத்தது. தொலைக்காட்சி ஒருபக்கம் அலற, பிள்ளைகள் மறுபக்கம் அலற, இடுப்பில் ஒன்றும் காலைக் கட்டிக்கொண்டு ஒன்றுமாய் ஆயா ஒருத்தி வந்து, "உள்ள வாங்க! பார்த்து வாங்க, எதையும் மிதிச்சிடாதீங்க!" என்றாள். அவர்கள் வாசலோடு திரும்பினார்கள். அடுத்தது கண்ணாடிச் சுவரும் கேமராவுமாய் வங்கிபோல் இருந்தது. இரண்டு வயதுக்குள் எழுத்தறிமுகம் செய்துவிடுவோம் என்று அங்கிருந்த பெண் சொன்னபோது, "எங்க வாத்துக்கு இன்னும் நேரா நடக்கவே வரலைங்க, அது நடக்கட்டும், எழுத்து எங்க ஓடிடப் போகுது?" என்றான் கணவன். அந்தப் பெண் சிரிக்கவில்லை. இவர்களும் திரும்பிப் பார்க்கவில்லை.

மூன்றாவது காப்பகம் அலுவலகக் கட்டடங்களுக்குப் பின்னால் ஒரு சந்தில் இருந்தது. கீழ்த்தளம். கதவை ஒருக்களித்துத் திறந்தபோது, உள்ளே யாரும் இல்லை என்றே நினைத்தார்கள்.

இருந்தார்கள். பாய்கள் வரிசையாக விரித்திருக்க, ஒவ்வொன்றிலும் ஒரு குழந்தை உறங்கிக்கொண்டிருந்தது. பிணக்கு இல்லை, சிணுங்கல் இல்லை, ஒன்று புரண்டு மற்றொன்றின்மேல் கால் போடும் வழக்கமும் இல்லை. ஊசிக்காரி சற்று நேரம் நின்று பார்த்தாள். எல்லா மார்பும் ஒரே வேளையில் எழுந்தன. ஒரே வேளையில் தாழ்ந்தன. கடல் தன் கரையைத் தொட்டு மீள்வதுபோல் அந்த அறை முழுதும் ஒரே மூச்சு விட்டது.

"அம்மாடி" என்று கிசுகிசுத்தான் கணவன். "நம்ம வாத்து இங்க வந்தா கெட்டுப்போயிடும். ஒழுங்கு வந்துடும்."

பொறுப்பாளரை எல்லாரும் பெரியக்கா என்றார்கள். நரை விழாத, வயது சொல்ல முடியாத முகம்; தண்ணீர் ஊற்றுவதுபோன்ற குரல். அவளோடு இரண்டு உதவிப் பெண்கள் இருந்தார்கள். பெரியக்கா பேசும்போது கண் இவர்கள் முகத்தில் இருந்தது. கை மடியில் வேறேதோ செய்துகொண்டிருந்தது. சுட்டுவிரல் ஒரு காது மடலை வருடுவதுபோல் வளைந்தது. பின் நடுவிரல் ஒரு மூக்கின்மேல் மெல்ல இறங்குவதுபோல் இறங்கியது. பின் உள்ளங்கை குவிந்து, இல்லாத ஒரு தலையைத் தாங்கியது. ஒன்று முடிந்து ஒன்றாக, ஓயாமல்.

"எப்படிங்க இத்தனையும் அழாம இருக்கு?" என்று கேட்டாள் ஊசிக்காரி.

"வித்தை ஒண்ணும் இல்லம்மா. ஒவ்வொரு குழந்தையும் ஒரு கைக்குத்தான் தூங்கும். அந்தக் கை எப்படின்னு தெரிஞ்சா போதும். நாளைக்குக் குழந்தையோட வாங்க. வீட்டுல எப்படித் தூங்கவைப்பீங்களோ அப்படியே ஒருதரம் இங்க செஞ்சு காட்டுங்க. நாங்க பார்த்துக்கறோம்."

"அவ்வளவுதானா?"

"அதுக்கப்புறம் வீட்டுல அப்படிச் செய்ய வேண்டாம். ஒரு குழந்தைக்கு ரெண்டு கை ஆகாது."

நல்ல யோசனையாகத்தான் பட்டது. பெரியவர்களே இரண்டு முதலாளியிடம் வேலை பார்த்தால் குழம்புகிறார்கள், குழந்தை குழம்பாதா? கணவன் தெருமுனை வரை காப்பகத்தைப் புகழ்ந்துகொண்டே வந்தான். அவளுக்கு நெஞ்சில் முள் ஒன்று தைத்திருந்தது.

மகள் அவள் கையில் உறங்கியதே இல்லை.

பகலில் வாத்து தானே களைத்து விழுந்தால்தான் உறக்கம். இரவில் தகப்பன் வர வேண்டும். குப்புறப் போட்டு, இடுப்பருகே உள்ளங்கையை வைத்து, "தரைத்தளம்" என்பான். இரண்டு தட்டு. கை மெல்ல மேலேறும். "முதல் மாடி." இரண்டு தட்டு. ஒவ்வொரு மாடியிலும் ஒரு நிறுத்தம். நிறுத்தந்தோறும் தொண்டைக்குள் ஒரு முனகல், இயந்திரம் ஏறுவதுபோல. ஐந்தாம் மாடி கழுத்துப் பிடரி. அதற்குள் வாத்து உறங்கிவிடும். "கதவு மூடுது" என்று சொல்லி, அவள் நெற்றியில் உள்ளங்கையை ஒருகணம் வைத்து எடுப்பான். ஊசிக்காரியும் முயலாமல் இல்லை. ஆனால் அவள் விரல் குழந்தையின் முதுகில் பட்டதும் பழக்கதோஷத்தால் நாடியைத் தேடும், அழுத்தும், குழந்தை விறைத்துக்கொண்டு கழுத்தைத் திருப்பி, 'நீ யார்?' என்பதுபோல் பார்க்கும். பெற்றவளுக்கு அந்தப் பார்வை ஒன்று போதும். இதை அவள் யாரிடமும் சொன்னதில்லை.

வெள்ளிக்கிழமை கணவனுக்கு வேலை இருந்தது. அவள் மட்டும் குழந்தையோடு போனாள். பாய் ஒன்றை விரித்துப் பெரியக்கா எதிரே அமர்ந்தாள். உதவிப் பெண்கள் இருவரும் வந்து நின்றார்கள். தன் பிள்ளையைத் தனக்கு உறங்கவைக்கத் தெரியாது என்று அந்த மூன்று முகங்களின் முன் சொல்ல அவளுக்கு நாக்கு எழவில்லை. கூச்சம் பொய்க்குத் தாய். அவள் குழந்தையை மடியில் கிடத்தி, அந்தக் கணமே தோன்றிய ஏதோ ஒன்றைச் செய்தாள். விரலால் ஏதோ ஒரு வழியில் ஏதோ ஓர் இடத்தை வருடினாள். பல நாள் பழகியவள்போல் முகத்தை வைத்துக்கொண்டாள்.

வாத்து உறங்கவில்லை. ஆனால் ஆடவும் இல்லை. கண் விழித்தபடி மலைத்துக் கிடந்தது.

பெரியக்கா நெடுநேரம் பார்த்தாள். அவள் கை மடியில் அசைந்து, இப்போது கண்டதை ஒருமுறை செய்தது. பின் சுவை பிடிக்காதவள் கவளத்தை நிறுத்துவதுபோல் நின்றது.

"இது குழந்தைக்குத் தெரிஞ்ச கை இல்லையேம்மா" என்றாள், கோபமின்றி. "பரவாயில்ல. யார் கையோ, அவங்க வரட்டும்."

வாசலில் மழைக்கு ஒதுங்கி ஒரு பெண் நீலக் குடையோடு நின்றிருந்தாள். உள்ளேயிருந்து அவள் மகன் வந்தான்; அழவும் இல்லை, ஓடிவரவும் இல்லை. அவள் கைநீட்ட, குடையின் காம்பைப் பிடித்துக்கொண்டு நடந்தான். போகிற வழியெல்லாம் திரும்பித் திரும்பிக் காப்பகத்தின் கதவையே பார்த்துக்கொண்டு போனான்.

மாலையில் கணவன் வந்ததும் கேட்டான். "என்ன செஞ்சு காட்டின? மாடி ஏத்தினியா?"

"இல்ல. நானா ஒண்ணு செஞ்சேன்."

"அடி சக்கை! எங்க, காட்டு பார்ப்போம்."

அவள் சிரித்துக்கொண்டே கையைத் தூக்கினாள். தூக்கிய கை அப்படியே நின்றது. பாய் நினைவிருந்தது, சன்னல் வெளிச்சம் நினைவிருந்தது, மடியில் குழந்தையின் கனம் நினைவிருந்தது. தன் விரல் என்ன செய்தது என்பது மட்டும் இல்லை. மறந்துபோன சொல் நாக்கின் நுனியில் நிற்கும். இது நிற்கவும் இல்லை. பிடுங்கிய பல்லின் குழியை நாக்கு தடவுவதுபோல் அவள் மனம் அந்த வெற்றிடத்தைத் தடவிப் பார்த்து மீண்டது.

"களைப்பு" என்றாள்.

"பொய் சொன்னா அப்படித்தான், மறந்துபோகும்" என்று சிரித்தான் அவன்.

திங்கட்கிழமை அவள் முதலில் கிளம்பினாள். குழந்தையைக் கணவன் கொண்டுபோய் விடுவதாக ஏற்பாடு. பெரியக்கா அவனுக்குத் தொலைபேசியில் சொல்லியிருந்தாள். அரைநாள் அனுமதி வாங்கியிருந்தான். அவனுக்கு அதில் ஒரே பெருமை. "பார்த்தியா, ஐயா கைக்கு இருக்கற மவுசை? கூப்பிட்டு அனுப்பறாங்க" என்றான். வாத்தின் தலையில் குல்லாயை மாட்டிக்கொண்டே, "வாங்க மகாராணி, அப்பா உங்களுக்கு வேலை வாங்கித் தரேன், தூங்கற வேலை" என்றான்.

கூடத்தில் கூட்டம். கையுறையை மாட்டி, ஒருவர்பின் ஒருவராய் அவள் இரத்தம் எடுத்துக்கொண்டிருந்தாள். நடுவே நாற்காலியில் வந்து அமர்ந்தவள் அந்த நீலக்குடைக்காரி. மகன் இல்லாமல் வந்திருந்தாள்.

"உங்களை எனக்குத் தெரியும். காப்பக வாசல்ல பார்த்தேன்" என்றாள் ஊசிக்காரி, மேல்கையில் நாடாவைக் கட்டியபடி. "பையன் எப்படி இருக்கான்?"

"நல்லா இருக்காங்க. அங்க நல்லாத் தூங்கறான். வீட்டுலதான் தூங்கறதில்ல."

"உடம்புக்கு என்ன?"

"எனக்குத்தான். கை செத்துப்போன மாதிரி இருக்கு. டாக்டர் ரத்தத்தைப் பாக்கணும்னு சொன்னாரு." அவள் தன் இடக்கையை விரித்துப் பார்த்தாள், அது பிறருடையதுபோல. "நான் அவனை ஏதோ பண்ணித்தான் தூங்கவைப்பேன். எதுன்னு ஞாபகம் வரமாட்டேங்குது. அவங்க அப்பாவைக் கேட்டேன், அவரு கவனிச்சதே இல்லையாம். ஆம்பளைங்க என்னத்தைக் கவனிக்கறாங்க?" சிரிக்க முயன்றாள். "ராத்திரி பக்கத்துல உட்கார்ந்திருப்பேன். அவன் என்னைப் பார்ப்பான். நான் அவனைப் பார்ப்பேன். இந்தக் கை சும்மா கிடக்கும். விருந்தாளி வீட்டுல உட்கார்ந்த மாதிரி இருக்குங்க."

"எப்போலேருந்து?"

"அங்க செஞ்சு காட்டினதுலேருந்து."

ஊசிக்காரியின் விரல் நரம்பின்மேல் இருந்தது. அது துடிப்பதை அவள் உணர்ந்தாள். தன்னுடையதா அவளுடையதா என்று தெரியவில்லை. நாடாவை அவிழ்த்தாள். "மன்னிச்சுக்கங்க" என்று மட்டும் சொல்லி, பக்கத்து இருக்கைக்காரியைக் கைகாட்டிவிட்டு, கையுறையோடு வெளியே ஓடினாள். கணவனை அழைத்தாள். மணி அடித்துக்கொண்டே இருந்தது, எடுக்கவில்லை. பிள்ளையைத் தூங்கவைக்கும்போது அவன் எப்போதும் ஒலியை அணைத்துவிடுவான்.

ஆட்டோ சந்துக்குள் நுழையாது என்றார் ஓட்டுநர். இறங்கி ஓடினாள்.

காப்பகத்தின் கதவு ஒருக்களித்தே இருந்தது. உள்ளே அதே அமைதி. அதே ஒற்றை மூச்சு. நடுவில் அவள் கணவன் சம்மணமிட்டு அமர்ந்திருந்தான். முன்னே வாத்து குப்புறக் கிடந்தது. எதிரே பெரியக்கா. அவள் மடியில் ஒரு தலையணை. அதன்மேல் அவள் உள்ளங்கை, அவன் கைக்கு ஒரு கணம் பின்னால், அவன் கையைப்போலவே ஏறிக்கொண்டிருந்தது.

"மூணாவது மாடி" என்றான் அவன், குழைந்த குரலில். இரண்டு தட்டு.

"மூணாவது மாடி" என்றாள் பெரியக்கா. அவள் தொண்டையிலிருந்து வந்தது அவன் குரல். இரண்டு தட்டு.

ஊசிக்காரி பாய்களைத் தாண்டிப் போய்க் குழந்தையை வாரி எடுத்தாள். வாத்து வீறிட்டது. அந்த அறையில் அதுவரை கேளாத ஓசை அது. பாய்களில் கிடந்த பிள்ளைகளின் ஒற்றை மூச்சு ஒருகணம் குலைந்து, சிதறி, மறுபடி ஒன்றாகக் கூடியது. ஒரு குழந்தையும் கண் விழிக்கவில்லை.

"ஏய், என்ன ஆச்சு உனக்கு? இன்னும் ரெண்டே மாடி, தூங்கிடுவா!"

"எழுந்திருங்க. ஒண்ணும் கேக்காதீங்க. எழுந்திருங்க."

பெரியக்கா தடுக்கவில்லை. எழவும் இல்லை. அவள் கை தலையணையின்மேல், மூன்றாம் மாடியில், அடுத்ததற்குக் காத்து நின்றது.

"பாதியில எடுக்கறது பாவம்மா" என்றாள். "இனிமே அவருக்கும் உதவாது, எங்களுக்கும் உதவாது. முழுசாக் கொடுத்துட்டுப் போங்க."

வீடு வந்து சேரும்வரை அவன் திட்டிக்கொண்டே வந்தான். அவள் நீலக்குடைக்காரி சொன்னதைச் சொன்னபோதும் திட்டினான். "ரத்தம் எடுத்து எடுத்து உனக்கு மூளைல ரத்தம் ஓடல. இரு, இப்பவே தூங்கவைச்சுக் காட்டறேன்." அழுது களைத்திருந்த வாத்தைக் குப்புறப் போட்டான். அருகில் அமர்ந்தான். கையைத் தூக்கினான்.

தூக்கிய கை அந்தரத்தில் நின்றது.

அவள் அந்தக் கையை அறிவாள். தன் கையும் அப்படித்தான் நின்றது.

"நாலாவது மாடி தெரியுது" என்றான். குரலில் ஏற்றமும் இல்லை, இறக்கமும் இல்லை. "அஞ்சாவதும் தெரியுது. கதவு மூடறது தெரியுது. அதுக்குக் கீழ ஒண்ணுமே இல்லடி. நாலாவது மாடிக்கு எப்படிப் போறது?"

அவள் சொல்லிக்கொடுத்தாள், நாள்தோறும் பார்த்திருந்தவள்தானே. இடுப்பருகே தொடங்கச் சொன்னாள், இரண்டு தட்டு என்றாள். அவன் சொன்னபடியே செய்தான், வேற்றூர்ப் பாட்டை எழுத்துக் கூட்டிப் பாடுகிறவன்போல. வாத்து கழுத்தைத் திருப்பி அவனைப் பார்த்தது. எந்தப் பார்வையைத் தன்னுடையது மட்டுமே என்று அவள் இத்தனை நாள் ஒளித்து வைத்திருந்தாளோ, அந்தப் பார்வை. அவன் கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டு, சுவரைப் பார்த்தபடி உட்கார்ந்துவிட்டான். ஏறி இறங்கும் அந்த வாய்க்கு அன்று பூட்டு விழுந்தது. அவள் கேட்ட பூட்டு இதுவல்ல.

"முதல்ல பார்த்தோமே, அந்தச் சந்தைக்கடை" என்றாள் அவள். "நாளைக்கு அங்க சேர்த்துடலாம்."

"அங்க எல்லாம் அழுதுங்களே."

"ஆமா. அழுதுங்க. அம்மா போனா அழுதுங்க, வந்தா ஓடிவருதுங்க. அது போதும்."

அவன் தலையசைத்தான்.

வெளியே வாடை எழுந்து சன்னலை அசைத்தது. மாலை வெளிச்சம் அறையை விட்டு இறங்கிக்கொண்டிருந்தது. வாத்து உறங்காமல், யாரையும் கூப்பிடாமல், விழித்துக் கிடந்தது. இருவரில் யார் கையும் இப்போது குழந்தைக்குத் தெரிந்த கையன்று. ஊசிக்காரி கையுறையை இன்னும் கழற்றவில்லை என்பதை அப்போதுதான் கண்டாள். கழற்றினாள். கையைக் கழுவினாள். வெந்நீரில் சற்றுநேரம் வைத்துக் குளிர் போக்கினாள். குழந்தையின் அருகே வந்து அமர்ந்து, முதலில் அந்தக் கைகளைக் குவித்துக் கண்மூடி இருந்தாள். இளமையில் மனனம் செய்த துதி ஒன்று உதட்டளவில் வந்தது. அதில் அவள் எதையும் கேட்கவில்லை. பின் குவித்த கைகளில் ஒன்றைப் பிரித்துக் குழந்தையின் முதுகில் வைத்தாள். வருடவில்லை; தட்டவில்லை; நாடியைத் தேடவில்லை. பெற்றவள் ஒருத்தி பக்கத்தில் இருக்கிறாள் என்று சொல்ல எவ்வளவு கனம் வேண்டுமோ, அவ்வளவே கனமாக அதை வைத்து, துதியை மனத்துள் மீண்டும் முதலிலிருந்து தொடங்கினாள். சுவரைப் பார்த்திருந்தவனும் திரும்பித் தலைதாழ்த்தி அமர்ந்தான்.

குழந்தையின் மூச்சு ஒருமுறை தடுக்கி, ஒருமுறை பெருமூச்சாகி, பின் தன் போக்கில், வேறெந்த மூச்சோடும் சேராமல், தனியே நடக்கத் தொடங்கியது.

கண் வளர்க, கண்மணி. உன் அழுகை உன்னோடே இருக்க. உன் உறக்கம் உன்னுடையதாக. அங்கே ஒரே மூச்சில் துயிலும் பிள்ளைகளும் தத்தம் மூச்சுக்கு மீள்க. வழி மறந்த கைகளுக்கு வழி திரும்புக. விழிக்கும் குழந்தை எதுவாயினும் தன்னை அறிந்த முகத்திலே விழிக்க. எல்லா உயிரும் அஞ்சாது துயில்க, நலமே எழுக.